கிருஷ்ணவேணி மாமியின் கல்வெட்டு

அந்தப் பெரிய லைற்றை நிற்பாட்டுங்கள்... ஓம், குசினி லைற் ஒன்று போதும். கிட்டக் கிட்ட இருங்கள். யன்னல் சத்தம் போட்டால் அது காற்று. வேறு ஏதாவது சத்தம் கேட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சிவானியை உங்களுக்குத் தெரியும். பிக்கரிங்கில் இருந்து ரெயினில் வேலைக்கு வருகிற பிள்ளை. இது அவளுடைய பெரியப்பா ராஜசேகரன் வீட்டில் நடந்தது. அவளைக் கேட்டால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்பாள். கேட்காதீர்கள்.

முதலில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

கனடாவில், ரூஜ் என்ற இடத்தில் வீடு. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி. வெளியில் அதற்குள் கும்மிருட்டு. சாப்பாட்டு மேசையில் நான்கு பேர். யன்னலுக்கு முதுகைக் கொடுத்தபடி ராஜசேகரன். கடதாசிகளை ஓரம் பார்த்து அடுக்கி, பேனையை அவற்றுக்கு நேராக வைத்திருந்தார். அவருக்கு எதிரே தம்பி ராகவன், சிவானியின் தகப்பன். குளிர்ச்சட்டையைக் கழற்றாமல், கார்த் திறப்பை விரலில் சுழற்றியபடி. மேசையின் தலைமாட்டில், விளக்குக்கு நேர் கீழே, றோய். சத்தியக்கடதாசிகளில் கையெழுத்து வாங்கி முத்திரை குத்துவது அவருடைய உத்தியோகம்; கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து குத்துவார். குசினிப் பக்கத்து மூலையில் ராஜசேகரனின் மனைவி ரோகிணி. கதிரையின் நுனியில், எந்த நேரமும் எழும்பிப் போகலாம் என்பதுபோல.

ஐந்தாவது ஆள் மேசைக்கு நேர் கீழே இருந்தார். பேஸ்மென்ற் அறையில், கட்டிலில். கிருஷ்ணவேணி மாமி. ராஜசேகரனின் தகப்பனுக்குத் தங்கை, எண்பதைத் தாண்டியவர்.

அவர் செத்துப்போனார் என்று சத்தியம் செய்வதற்குத்தான் மேலே நான்கு பேரும் கூடியிருந்தார்கள்.

றோய் வாசித்து வாசித்துக் கேட்டார். இறந்த திகதியைக் கேட்டார். ராஜசேகரன் தடுமாறாமல் சொன்னார். உடலைக் கண்ணால் கண்டீர்களா என்று கேட்டார். கண்டேன், வாய்க்கரிசியும் போட்டேன் என்றார் ராஜசேகரன். அந்த நேரம் பார்த்து, தரையில் இருந்த ஹீற்றர் துவாரத்தின் வழியாக இருமல் ஒன்று மேலே வந்தது. வறண்ட இருமல்... கொஞ்சம் இடைவெளி... மறுபடியும். பிறகு தண்ணீர்ச் செம்பைத் தரையில் வைக்கிற சத்தம்.

முத்திரையைத் தூக்கிய றோயின் கை தூக்கியபடியே நின்றது.

"கீழை ஆர்?"

"ரெனன்ற்," என்றார் ராஜசேகரன்.

ராகவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பழைய ரெனன்ற்," என்றார். "வாடகையும் இல்லை, எழும்பிப் போறதும் இல்லை."

முத்திரை விழுந்தது. ரோகிணி எழும்பிப் போய்த் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்தார்.

ஏன் இந்தப் பாவம் என்று கேட்பீர்கள். அதற்கு வெள்ளைக்காரன் காலத்துக்குப் போக வேண்டும்.

ராஜசேகரனின் அப்பப்பா மலாயாவில் ரெயில்வேயில் உத்தியோகம் பார்த்து, பென்சனோடு யாழ்ப்பாணத்து ஊருக்கு வந்தவர். நெல்லியடைப்பு என்று ஒரு காணி வாங்கினார். கல்வீடு கட்டினார். நல்ல தண்ணீர்க் கிணறு. முதல் தாரத்துக்கு இரண்டு ஆண்பிள்ளைகள், இருவரும் மீசை முளைத்தவர்கள். இரண்டாம் தாரம் பிள்ளைப்பேற்றோடு போய்விட்டாள். அவள் விட்டுப்போன கைக்குழந்தைதான் கிருஷ்ணவேணி. தான் கண்ணை மூடினால் எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிய முதலே தமையன்மார் அந்தப் பிள்ளையை வேலிக்கு வெளியே விடுவார்கள் என்று கிழவருக்குத் தெரியும். பெற்றதுகளின் குணம் தகப்பனுக்குத் தெரியாதா?

ஆகவே நொத்தாரிசைக் கூப்பிட்டு மரணசாதனம், அதுதான் உயில், எழுதுவித்தார். காணி இரண்டு மகன்மாருக்கும். ஆனால் மகள் கிருஷ்ணவேணியின் மூச்சு உள்ளவரைக்கும் வடக்கு அறை அவளுக்கு. கிணற்றுத் தண்ணீர் அவளுக்கு. காணியை ஆள்பவர் நாளுக்கு ஒரு நேரச் சோறு அவளுக்குப் போட வேண்டும். அவள் மூச்சு உள்ளவரைக்கும் காணியைப் பிரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. வெள்ளைக்காரன் கொடியை இறக்குவதற்கு முதல் வருடம் அது பதிவானது. கிழவர் நிம்மதியாகச் செத்தார்.

அவர் நினையாத ஒன்று நடந்தது. பிள்ளை வளர்ந்தாள். வடிவாக வளர்ந்தாள். பெண் கேட்டு ஆட்கள் வந்தார்கள். சீதனம் என்ன என்று கேட்டார்கள். சீதனம் எழுதுவதென்றால் காணியைப் பிரிக்க வேண்டும். காணியைப் பிரிப்பதென்றால் பெண் சாக வேண்டும். தமையன்மார் இதை வந்தவர்களுக்கு மரியாதையாக விளங்கப்படுத்தி, தேத்தண்ணீரும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். ஒரு தரம் இல்லை, பல தரம். கிருஷ்ணவேணி வடக்கு அறையிலேயே நரைத்தார்.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. மூத்த தமையன் பிள்ளை குட்டி இல்லாமல் இறந்தார். இளைய தமையன், ராஜசேகரனின் தகப்பன், அவரும் இறந்தார். காணி ராஜசேகரனுக்கும் ராகவனுக்கும் வந்தது. ராஜசேகரன் மாமியைக் கனடாவுக்குக் கூப்பிட்டார். உருக்கத்தில் இல்லை. அவரும் ரோகிணியும் இரண்டு வேலை செய்த காலம், பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. மாமி பார்த்தார். சமைத்தார், குளிப்பாட்டினார், பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டார். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் தங்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள். மாமியின் முழங்காலும் போய்விட்டது. படி ஏற முடியாது. பேஸ்மென்ற்றில் கட்டில், ஒரு கதிரை, காலடி உயரத்தில் ஒரு சின்ன யன்னல். நாளுக்கு ஒரு நேரம் சோறு கீழே இறங்கும்.

போன கோடையில், நெல்லியடைப்பில் கலியாண மண்டபம் கட்ட லண்டன்காரர் ஒருவர் கேட்டார். அவருடைய ஆட்கள் பழைய பதிவுகளைக் கிண்டினார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட மாதிரி மரணசாதனம் வெளியே வந்தது. மாமி கையெழுத்து வைத்து உரித்தை விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது மாமி இருக்கக்கூடாது.

ராஜசேகரன் கடதாசியோடு கீழே போனார். மாமி கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அங்கை எனக்கொரு அறை இருக்குது எண்ட நினைப்பிலைதான் தம்பி நான் இஞ்சை படுக்கிறன். நான் செத்தாப்பிறகு செய்யுங்கோ."

சரி, அப்படியே செய்வோம் என்று ராஜசேகரன் முடிவெடுத்தார்.

ஊரில் இருந்த சட்டத்தரணி வழி சொல்லிக்கொடுத்தார். சத்தியக்கடதாசி ஒன்று வேண்டும். அதோடு அந்தியேட்டிக் கல்வெட்டும் ஒன்று சேர்த்து அனுப்புங்கள், மிச்சத்தைத் தான் பார்ப்பதாகச் சொன்னார். கெட்டிக்காரன். உங்களுக்குத் தெரியும்தானே, எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் புத்தகம் அடித்துக் கொடுப்போம். அட்டையில் படம், உள்ளே தேவாரம், இறந்தவரைப் பற்றி நாலு வெண்பா, குடும்பத்தின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி. அதுதான் கல்வெட்டு. உயிரோடு இருக்கிற ஆளுக்கு அதை அடிக்க எங்கள் சனத்தில் ஒருவருக்கும் மனம் வராது. ஆகவே கல்வெட்டு இருந்தால் ஆள் செத்தது செத்ததுதான். ஒருவரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள்.

ராஜசேகரனுக்கு மனம் வந்தது. எல்லாவற்றையும் ஒழுங்குமுறையாகச் செய்தார். பிக்கரிங்கில் கார்க் கராஜுக்குள் அச்சு மெஷின் வைத்திருந்த ஒருவர், திங்கட்கிழமை தருகிறேன் என்றார். ராஜசேகரன் கலண்டரை எடுத்து, அந்தத் திங்கட்கிழமையை முப்பத்தோராம் நாளாக வைத்து, அங்கிருந்து பின்னுக்கு எண்ணி, மாமி செத்த திகதியைக் கண்டுபிடித்தார். அந்தத் திகதியில் மாமி கீழே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அட்டைக்குப் படம் வேண்டும். பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வேண்டும், நல்ல சேலை உடுத்துங்கோ என்று ரோகிணியைக் கொண்டு சொல்லுவித்தார்.

"பாஸ்போட்டோ?" என்று மாமி கேட்டார். "ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறியளோ?"

ரோகிணி சீப்பை எடுத்துக் கொடுத்தார். மாமி ஊதாச் சேலை உடுத்தி, விபூதி பூசி, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். எடுத்து முடிந்ததும் அந்தச் சேலையை மடித்து, ஒரு பையில் வைத்து, பையைக் கட்டிலடியில் வைத்தார். பயணத்துக்கு.

இனித்தான் கதை.

திங்கட்கிழமை. பின்னேரம் ஐந்தரை இருக்கும். ராஜசேகரன் பிக்கரிங்கில் கல்வெட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு வருகிறார். பெரிய வீதியில் வாகனம் நெருக்கம் என்று, ஆற்றுக்கு இறங்கி ஏறுகிற ருவின் றிவர்ஸ் வழியைப் பிடித்தார். பகலிலே போனாலே நெஞ்சு ஒரு மாதிரி இருக்கும் அந்த இடம். தெருவிளக்கு இல்லை. இரண்டு பக்கமும் இலை கொட்டின மரங்கள். மழையா பனியா என்று தெரியாத ஒன்று கண்ணாடியில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது.

பார்சல் பக்கத்து ஆசனத்தில். நல்ல பாரம். யாரோ ஆள்தான் இருக்கிறதென்று நினைத்து, பெல்ற் போடச் சொல்லிக் கார் அடித்துக்கொண்டே வந்தது. டிங்... டிங்... டிங்... செத்தவளின் கல்வெட்டுக்குப் பெல்ற் கட்டிவிட அவருக்குப் பொறுமையில்லை.

கீழே ஒரு கார் மட்டும் போகக்கூடிய இரும்புப் பாலம். ரயர் ஏறினதும் பாலம் ‘ர்ர்ர்’ என்று உறுமியது. லைற் வெளிச்சம் நேரே விழுந்தது.

பாலத்தின் நடுவில் ஒரு பெண். அந்தப் பக்கம் பார்த்து நடந்து போகிறாள். சேலை. வெறுங்கால்.

பிரேக்கை அமத்தினார். கார் வழுக்கி, அவளுக்கு ஒரு முழம் இருக்கத்தக்கதாக நின்றது. அவள் திரும்பினாள்.

மாமி.

படத்துக்கு உடுத்தின அதே ஊதாச் சேலை. அதே விபூதி. ராஜசேகரனுக்கு முதலில் வந்தது பயமில்லை. கோபம். படியே ஏற ஏலாதென்று கிடக்கிற கிழவி, இந்தத் தூரம் எப்படி வந்தது? யாராவது கண்டு பொலிசுக்குச் சொன்னால்? நேற்றுக் குத்தின முத்திரையின் மை இன்னும் காயவில்லை. அவர் எட்டிக் கதவைத் திறந்தார்.

"ஏறுங்கோ."

ஏறினாள். பார்சலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

டிங் சத்தம் நின்றது.

தொல்லை விட்டது என்றுதான் அந்த நேரம் ராஜசேகரன் நினைத்தார். நீங்கள் ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். பார்சல் தனிய இருந்தபோது ஆசனத்தில் பாரம் இருந்தது. பார்சலை மடியில் வைத்து ஒரு ஆளும் இருந்தபோது... பாரம் இல்லை.

வழி முழுக்க ஏசிக்கொண்டே வந்தார். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். காருக்குள் ஒரு மணம். எள்ளெண்ணெய் வற்றி, திரி தானாகக் கருகி அணையும்போது ஒரு மணம் வருமே, அது. ஹீற்றரைக் கூட்டினார். கூட்டக் கூட்டக் குளிர்ந்தது. ரூஜுக்குள் திரும்பும்போது மட்டும் அவள் வாய் திறந்தாள்.

"பசிக்குது, தம்பி."

வீட்டு வாசலில் கார் நின்றது. அவள் இறங்கி, வீட்டின் பக்கவாட்டில், பேஸ்மென்ற் கதவு இருக்கிற இருட்டுக்குள் போனாள். கதவு திறந்த சத்தம் அவருக்குக் கேட்டது. மூடின சத்தமும் கேட்டது. அந்தக் கதவின் திறப்பு அவருடைய சட்டைப்பையில் கிடந்தது.

முன்கதவால் உள்ளே போனார். ரோகிணி கீழே இருந்து வெறுங்கோப்பையோடு படியேறி வந்துகொண்டிருந்தார். மாமியைப் பூட்டி வைக்கத் தெரியாதா என்று ராஜசேகரன் சீறினார். ரோகிணி விளங்காமல் பார்த்தார். மாமிக்குக் கால் வீங்கியிருக்கிறதென்று, இவ்வளவு நேரமும் தான் பக்கத்தில் இருந்து சுடுதண்ணீரில் ஊறவைத்ததாகச் சொன்னார்.

ராஜசேகரன் கீழே இறங்கினார். மாமி பழைய வீட்டுச்சட்டையோடு கட்டிலில் இருந்தார். கால்கள் பேசினுக்குள். தண்ணீரில் இருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கட்டிலடியில் பை, கட்டினபடி.

மாமி அவரைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னோடை வந்தவ ஆர், தம்பி? உந்தப் பக்கக் கதவாலை வந்தவ. நடுங்கிக்கொண்டு நிக்கிறா. இருக்கச் சொல்லு."

கதிரையில் ஒருவரும் இல்லை. அதன் முன்னால் கார்ப்பெற்றில் இரண்டு பாதம் அளவுக்கு ஈரம் ஊறிக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்துக்குப் பார்சல் எடுக்கிற கடைக்காரர் வெள்ளிக்கிழமைகளில்தான் பெட்டி கட்டுவார். அதுவரை சத்தியக்கடதாசியும் கல்வெட்டும் மேசையில், வாய் ஒட்டாத ஒரு கடிதவுறைக்குள் கிடந்தன. அந்த நாலு நாளில் நடந்ததை ரோகிணி பிறகு சிவானியின் தாயிடம் சொல்லி அழுதாராம்.

செவ்வாய்க்கிழமை மாமி இரண்டு கோப்பை சோறு கேட்டார். கதிரையில் இருக்கிற பிள்ளைக்கு ஒருவரும் ஒன்றும் போடவில்லையாம், முப்பத்தொரு நாளாகப் பட்டினியாம் என்றார். ரோகிணி பயத்தில் இரண்டு கொண்டுபோய் வைத்தார். திரும்பி எடுக்கப் போனபோது கதிரைப் பக்கத்துக் கோப்பை நக்கித் துடைத்த மாதிரி இருந்தது. மாமியின் கோப்பையில் கை படவில்லை. அவ தின்னட்டும், நான் பிறகு தின்கிறேன் என்றார் மாமி.

புதன்கிழமையும் அப்படி. கதிரைப் பக்கத்துக் கோப்பை மறுபடி வெறுமை. மாமியின் சோறு போட்டபடியே வந்தது. ரோகிணி அதில் ஒரு பருக்கையை வாயில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லை, புளி இல்லை. கழுவிப் போட்ட சோறு மாதிரி.

வியாழக்கிழமை ஹீற்றர் துவாரத்தால் இரண்டு இருமல் கேட்டது. ஒரே இருமல்தான், ஒரே தொண்டைதான். ஒன்று நல்ல திடமாக... மற்றது, அதற்குப் பின்னால், எட்டத்தில் எங்கோ இருந்து வருகிற மாதிரி. ரோகிணி ஓடிப்போய்ப் பார்த்தபோது மாமியின் மணிக்கட்டுக் காப்பு முழங்கை வரைக்கும் வழுகிக் கிடந்தது. நேற்று வரைக்கும் இறுக்கமாக இருந்த காப்பு அது.

ரோகிணி மேலே வந்து, கடிதவுறையைப் புருசனுக்கு முன்னால் வைத்தார். "உதைக் கிழியுங்கோ. நீங்கள் செத்தவ எண்டு எழுதினபடியாலைதான் செத்தவ வந்து இருக்கிறா. கிழிச்சால் போயிடுவா."

ராஜசேகரன் கிழிக்கவில்லை. தம்பிக்கு ரெலிபோன் எடுத்தார். ராகவன் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அப்ப கெதியா அனுப்புங்கோ அண்ணை. கடதாசியிலை இருக்கிறதுதானே நடக்குது."

வெள்ளிக்கிழமை மத்தியானம். விடியத் தொடங்கின பனி நிற்கவில்லை. ராஜசேகரன் கடிதவுறையைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். ஏன் இறங்கினாரென்று அவருக்கே தெரியாது. மனிசனுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் ஈரம் மிச்சம் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

சின்ன யன்னலைப் பனி முக்கால்வாசி மூடியிருந்தது. அறைக்குள் நீலமாக ஒரு வெளிச்சம். கட்டிலில் இரண்டு பேர், அவருக்கு முதுகைக் காட்டியபடி. இரண்டு பேரும் வீட்டுச்சட்டை. இரண்டு பேரும் ஒரே அளவு, ஒரே கூனல். ஒருத்தி மற்றவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு இறங்குகிற சத்தம்... சர்... சர்... நரைமுடி சீப்போடு கழன்று கழன்று வந்தது.

"மாமி," என்றார்.

சீப்பு நின்றது. ஒருவரும் திரும்பவில்லை. இரண்டு முதுகில் ஒரு முதுகு பேசியது. எது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அப்பா ஒருத்திக்குத்தான் எழுதிவைச்சவர், தம்பி. இஞ்சை ரெண்டு பேர் இருக்கிறம். நீ உதைக் கிழிச்சால் ஒருத்தி போவாள். அனுப்பினால் மற்றவள் போவாள். நீதானே ஆளுறவன். நீ சொல்லு."

ராஜசேகரன் நின்றார். எது எது என்று தெரியாத வரைக்கும் அவருக்கு ஒரு வசதி இருந்தது. இருட்டுக்குள் கல் எறிந்தவன் மாதிரி, யாருக்குப் பட்டதென்று தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வசதியையும் இல்லாமல் செய்தது மற்ற முதுகு. மெலிந்த குரல். ஆசை மாத்திரம் மெலியவில்லை.

"பாஸ்போட் வந்திட்டுதோ, தம்பி?"

இப்போது தெரிந்துவிட்டது. இடது பக்கம் இருப்பவர் மாமி. இருபது வருடம் அவருடைய பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டவர்.

கையில் கடிதவுறை. கிழிப்பதற்கு இரண்டு விரல் போதும்.

"வந்திட்டுது, மாமி," என்றார் ராஜசேகரன். "இண்டைக்கு அனுப்பிறன்."

மாமி தலையை ஆட்டினார். சீப்பு மறுபடி இறங்கியது. சர்...

மேலே ரோகிணி கதவடியில் நின்றார். அவர் மறிக்கவில்லை. மறித்து என்ன, அந்த வீட்டில் அவரும் ஒரு நேரச் சோற்றுக்கு இருக்கிறவர் மாதிரித்தான். எங்களின் பிள்ளைகளை வளர்த்தவ என்று மட்டும் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு. ராஜசேகரன் குனிந்து சப்பாத்துக் கயிற்றை இரண்டு பக்கமும் சரி அளவாக இழுத்துக் கட்டினார். போனார்.

மோர்னிங்சைட்டில் அந்தக் கடை. மரக்கறிகளுக்குப் பின்னால் பார்சல் மேசை. யாழ்ப்பாணப் பெட்டி பாதி நிறைந்து திறந்து கிடந்தது. மேசையில் தனுஷிகா என்று ஒரு இளம்பிள்ளை. அவள் கடிதவுறைக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும், அது கடையின் சட்டம். கல்வெட்டை வெளியே எடுத்தாள். அட்டைப் படத்தை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"சொறி அங்கிள்," என்றாள். "நல்ல வடிவா இருந்திருக்கிறா."

அப்போது அவருடைய ரெலிபோன் அதிர்ந்தது. ரோகிணி. அழவில்லை. மாமி எழும்புகிறார் இல்லை, கை குளிர்ந்துவிட்டது, மூச்சில்லை என்றார். ராஜசேகரன் குரலைத் தாழ்த்தி, மற்றவள் எங்கே என்று கேட்டார். அறையில் தன்னையும் மாமியையும் தவிர ஒருவரும் இல்லை என்றார் ரோகிணி. பக்கக் கதவு திறந்து கிடக்கிறதாம். பனி உள்ளே அடிக்கிறதாம்.

"சரி," என்று சொல்லி ரெலிபோனை வைத்தார்.

பாரம் இறங்கின மாதிரி இருந்தது அவருக்கு. உள்ளபடி சொல்லப்போனால் சந்தோசம். இனி அந்தக் கடதாசியில் பொய் ஒன்றும் இல்லை. திகதி ஒன்றுதான் கொஞ்சம் முந்தியது. திகதி பிழைப்பது உலகத்தில் நடக்காததா? பொலிசுக்குச் சொல்லவேண்டியது, டொக்ரருக்குச் சொல்லவேண்டியது, சுடலைக்குச் சொல்லவேண்டியது என்று மனத்துக்குள் வரிசைப்படுத்தத் தொடங்கினார்.

"ஒட்டட்டோ, அங்கிள்?"

"ஒட்டும்."

தனுஷிகா ஒரு கையில் ஒட்டுகிற ரேப்பை எடுத்தாள், மறு கையில் கத்தரிக்கோலை. தடித்த கடிதவுறை. அதன் வாய் மூடாமல் எழும்பி எழும்பி நின்றது. ராஜசேகரனின் கைகள் இரண்டும் குளிர்ச்சட்டைப் பைகளுக்குள் இருந்தன.

மடிப்பின் மேல் ஒரு விரல் வந்து அமர்ந்தது. தோல் சுருங்கிய விரல். நகத்துக்குள் மஞ்சள். அழுத்திப் பிடித்தது. கருகின திரியின் மணம்.

"தாங்ஸ், அன்ரி," என்று ராஜசேகரனுக்குப் பக்கத்தில் பார்த்துச் சிரித்துவிட்டு, தனுஷிகா ரேப்பை இழுத்து ஒட்டினாள். விரல் எடுபட்டது. கடிதவுறை பெட்டிக்குள் விழுந்தது.